காலி பெல்ட்டின் எடை

மேசையில் மூன்று கொட்டேஷன்.
பறந்துவிடாதிருக்க ஒவ்வொன்றின் மேலும்
முக்கால் இஞ்ச் ஜல்லி ஒன்று.
ஆரல்வாய்மொழியில் ஆனி மாதம் அப்படித்தான்,
கதவைத் திறந்தால் காகிதத்துக்குக் கால் முளைக்கும்.

முதல் கம்பெனியுடையது ஒற்றை உருளைத் தராசு.
ஓடுகிற பெல்ட்டின் அடியில்
ஓர் உருளை மட்டும் கல்லின் பாரத்தை உணரும்.
நூறு டன்னுக்கு ஒரு டன் முன்னே பின்னே.
இரண்டாவதில் இரண்டு உருளை, அரை டன்.
மூன்றாவதில் நான்கு. கால் டன்தான் பிசகும்;
விலை, என் பதினொரு மாதச் சம்பளம்.

"கல்லுதானே அளக்கோம், தங்கமா?"
தாசையன் முதலாளி கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"எம்மா டெல்பினு, இந்தப் பிசகு இருக்குல்லா,
அது கூட்டிக் காட்டுமா, கொறச்சிக் காட்டுமா?"

கூட்டல் குறியின் காலடியில் ஒரு கழித்தல் வரைந்து
தாளை அவர் பக்கம் திருப்பினேன்.
"ரெண்டு பக்கமுந்தான் சார்."
அவர் கூட்டலை விரலால் மறைத்துப் பார்த்தார்.

சோதித்துப் பார்க்க இரண்டாவது கம்பெனி
ஒன்றை இரவல் அனுப்பியது.
எங்கே மாட்டுவது என்பதில் போனது ஒரு பகல்.
கல் விழும் வாயிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி,
விழுந்தது துள்ளி அடங்கிய பிறகு;
பெல்ட் வளைந்து ஏறும் இடத்துக்கு முன்னே;
இழுவிசை குறைந்த வால்பக்கம்.
வேகம் அளப்பதை மோட்டார் டிரம்மில் வைக்காதே,
பெல்ட் வழுக்கினாலும் அது
ஒன்றும் நடக்காததுபோல் சுற்றும்.

காலி பெல்ட்டை ஓடவிட்டோம், பூஜ்யம் பிடிக்க.
காலை ஆறு மணிக்குப் பூஜ்யம் பூஜ்யமாக இருந்தது.
ஒன்பதரைக்குத் திரை சொன்னது:
மணிக்கு நாலு டன்.
ஏறிப் பார்த்தேன். ஒரு பொடிக்கல் இல்லை.
கணவாய் வழியே வந்த காற்று
பெல்ட்டின் பள்ளத்தில் ஏறிப் படுத்துக்கொண்டு
போய்க்கொண்டிருந்தது.
ஆடிக்காற்றில் அம்மியும் பறக்குமாம்;
இங்கே ஆனிக்காற்றே அம்மியாகிக் கனத்தது.

எட்டு மணி நேரம் ஓடினால் முப்பத்திரண்டு டன்.
களியக்காவிளை தாண்ட, இரண்டு லாரி காற்று.
முப்பந்தலில் இதையே யூனிட்டாக விற்கிறார்கள்.

ஒன்பதரைக்கே பூஜ்யம் அமுக்கிவிடலாம்.
அமுக்கினால், காற்று ஓய்கிற அந்தியில்
கல் நாலு டன் இளைத்துப்போகும்.
இதை முதலாளியிடம் நான் சொல்லவில்லை.

எடை மேடையில் ஒத்துப்பார்க்க
ஏசுவடியானை லாரியோடு அனுப்பினேன்.
காலி வண்டியை நிறுத்தபோது அவர் உள்ளே;
நிறைந்ததை நிறுத்தபோது டீக்கடையில்.
எழுபத்தெட்டு கிலோ எங்கே போனது என்று
ராத்திரி முழுக்கக் கணக்கைப் புரட்டினேன்.
காலையில் அது
செருப்பு மாட்டிக்கொண்டு படியேறி வந்து
"வண்டிச் சாவி எங்க பிள்ளே" என்றது.

எழுதிக் கொடுத்தேன்: இரண்டாவது போதும்.
மிச்சப் பணத்தில் பன்னிரண்டு மீட்டருக்குத் தகர மூடி,
இருபுறமும் மறைப்பு.
தராசுக்குக் கையெழுத்துப் போட்டார்.
தகரத்தை அடித்தார், ஒரே கோடு.
"காத்துக்கு எதுக்கும்மா கூரை?"

அந்த மாதம் முதல் கனிமக் கணக்கு
பெல்ட்டிலிருந்தே போயிற்று.
டன்னுக்கு இவ்வளவு என்று கட்டினார்,
கல்லுக்கும் காற்றுக்கும் சேர்த்து.
ஆடி. ஆவணி.
ரசீதுகளை ஃபைலில் கோக்கும்போது
வாயைத் திறக்கவில்லை நான்.
சொல்லவேண்டியதன் மேல்தான்
ஏற்கனவே கோடு கிடக்கிறதே.

தகரம் வந்து இறங்கியது ஐப்பசியில்.
காற்று நின்று பத்து நாள் ஆகியிருந்தது.
கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டுத் திரையைப் பார்த்தோம்.
பூஜ்யம்.
"பாத்தியா," என்றார், "மூடுனதும் சரியாப் போச்சு."